பழைய காரின் ஹீட்டர் ஏன் சூடாவதில்லை? ஸ்ரீராம்புரத்திலிருந்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

காரில் ஏசி வேலை செய்யவில்லை என்றால் பெங்களூர்க்காரர்கள் அந்த வாரமே பட்டறைக்குப் போய்விடுவார்கள். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்பது மட்டும் பல வருடங்கள் தெரியாமலே இருக்கும். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ விடியற்காலையில் வெளியூர் கிளம்பும்போது, பின் சீட்டில் பாட்டியோ குழந்தையோ நடுங்கும்போதுதான் அந்தக் குமிழைத் திருப்பிப் பார்ப்போம். காற்று வரும், சூடு வராது. "நம்ம ஊருக்கு எதுக்கு ஹீட்டர்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை எடுத்துக் கொடுப்போம்.

அந்தப் பேச்சை இக்கட்டுரை மறுக்கிறது. பழைய காரில் ஹீட்டர் சூடாகவில்லை என்றால், நோய் பெரும்பாலும் ஹீட்டரில் இருப்பதில்லை. இன்ஜினின் சூட்டைச் சமநிலையில் வைக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. அந்த ஏற்பாடு கெட்டுப்போவதற்கு நம் பக்கத்துப் பழக்கங்கள் இரண்டு காரணம்: ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. இரண்டும் வேறு வேறு தவறுகள் போலத் தோன்றும். உண்மையில் முதலாவதுதான் இரண்டாவதைப் பெற்றெடுத்தது.

எடுத்துக்கொண்ட வண்டிகள் மாருதி 800, ஜென், சான்ட்ரோ வகைச் சிறிய பெட்ரோல் கார்கள். மாருதி 800 முதன்முதலில் 1983 டிசம்பரில் சாலைக்கு வந்தது. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதி 13 பெருநகரங்களில் அமலானபோது பெங்களூரில் அதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. ஆக, மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் ஒக்கலிபுரத்துக்கும் நடுவே நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில், வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கும் ஒவ்வொரு மாருதி 800-ம் பெங்களூர்ப் பதிவு என்றால் பதினைந்து வயதை ஒட்டியதோ கடந்ததோதான். என் வண்டியும் அவற்றில் ஒன்று.

2. ஹீட்டர் என்னும் சின்ன ரேடியேட்டர்

பெட்ரோலில் எரியும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜினின் உழைப்பாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மீதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சூட்டை முன்பக்க ரேடியேட்டர் காற்றில் விடுகிறது. ஹீட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. டேஷ்போர்டுக்குள், கால் வைக்கும் இடத்துக்கு மேலே, ஒரு புத்தகம் அளவுக்குச் சின்ன ரேடியேட்டர் இருக்கும். பட்டறையில் அதை 'ஹீட்டர் காயில்' என்பார்கள். இன்ஜினிலிருந்து ஒரு ஹோஸ் சுடுநீரைக் கொண்டுவரும், இன்னொன்று திரும்ப எடுத்துப் போகும். ப்ளோயர் அதன் மேல் காற்றை அடிக்கும். சுடுநீர் முறையோடு வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்பும் ஏற்பாட்டை அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938-இல் கொண்டுவந்தது. இன்றைய கார்களும் அடிப்படையில் அந்த வழியில்தான் நடக்கின்றன.

ஹீட்டருக்குத் தனிப் பெட்ரோல் செலவு கிடையாது, வீணாகப் போகும் சூட்டைத்தான் அது பயன்படுத்துகிறது. சூடு வரவில்லை என்றால், இன்ஜின் தண்ணீர் போதுமான அளவு சூடாகவில்லை, அல்லது சூடான தண்ணீர் காயிலுக்கு வந்து சேரவில்லை, அல்லது வந்த சூட்டைக் காற்று எடுக்கவில்லை. இந்த மூன்றுக்கு வெளியே நான்காவது காரணம் இல்லை.

3. இந்த ஊருக்கு எதற்கு?

பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி; 1884 ஜனவரி 13-இல் பதிவானது. சாதாரண ஜனவரி விடியலில் 15 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஸ்வெட்டர் போதும் என்பது சரிதான். ஆனால் ஹீட்டரின் முதல் வேலை உடம்பைச் சூடாக்குவதல்ல, முன்கண்ணாடியைத் துடைப்பது. ஜூலை, ஆகஸ்ட் தூறலில் நான்கு பேர் ஜன்னலை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தால் மூச்சிலிருக்கும் ஈரம் கண்ணாடியில் படியும். ஏசி போயேபோன பழைய வண்டியில் அதை விரட்ட ஹீட்டரைத் தவிர வேறு வழியில்லை. ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் துணி என்று ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரே வரும் லாரியின் விளக்கு அந்தப் பனிமூட்டத்தில் சிதறி, சாலை முழுவதும் வெளிச்சமாகி, எதுவும் தெரியாமல் போகும். அந்த ஒரு நொடிக்காகவே ஹீட்டர் சரியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஊட்டி. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைக்கப்படுகிறது. அதனால் ஊட்டிக்குப் போகிறவர்கள் பின்னிரவிலேயே வீட்டைப் பூட்டிக் கிளம்பி, கேட் திறக்கும் நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்கிறார்கள். கிளம்பும் ஊர் 920 மீட்டர் உயரம், போய்ச் சேரும் ஊர் 2,240 மீட்டர். ஜனவரியில் அங்கே புல்லில் உறைபனி படியும்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. மலை ஏறும்போது டெம்பரேச்சர் மீட்டரின் முள் சிவப்பைத் தொடப் போனால், ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் போட வேண்டும். உள்ளே வெந்து போவோம், ஆனால் இன்ஜினுக்கு இரண்டாவது ரேடியேட்டர் கிடைத்த மாதிரி. ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஹெட் கேஸ்கட்டைக் காப்பாற்ற இந்த ஒரு சாதனம் போதும், அது வேலை செய்தால்.

4. தண்ணீர்

"ரேடியேட்டருக்குத் தண்ணி பாத்தியா?" ஓட்டுநர்களின் வாயில் தலைமுறைகளாக இருக்கும் கேள்வி இது. அம்பாசடர், ஃபியட் காலத்தில் பானெட்டைத் திறந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றாமல் யாரும் வெளியூர் கிளம்பியதில்லை. அந்த வண்டிகள் அதைத் தாங்கின. கனத்த இரும்பு, அகலமான செம்புக் குழாய்கள், எதையும் ஈயம் வைத்து ஒட்டிவிடலாம். பழக்கம் அங்கே தொடங்கியது. வண்டி மாறியது, பழக்கம் மாறவில்லை.

பெங்களூரில் இரண்டு வகைத் தண்ணீர். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து 500 மீட்டருக்கு மேல் ஏற்றிக் கொண்டுவரப்படுவது, ஓரளவு மென்மையானது. இன்னொன்று போர்வெல் தண்ணீர், டேங்கரில் வருவதும் பெரும்பாலும் அதுவே. அதில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 600 மில்லிகிராம் தண்ணீரைக் குடித்து வாழலாம், ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது. சூடேறும்போது கரைந்திருந்த பைகார்பனேட் சுண்ணாம்பாக மாறிப் படியும். கீசர் காயிலைக் கழற்றினால் வெள்ளையாக ஓடு கட்டியிருக்குமே, அதேதான். முன்பக்க ரேடியேட்டரைவிட ஹீட்டர் காயிலின் குழாய்கள் குறுகலானவை. அதோடு, பல வண்டிகளில் வருடத்தில் பத்து மாதம் ஹீட்டர் வால்வு மூடியே கிடக்கும். ஓட்டமில்லாத தண்ணீரில் கசடு அமைதியாக உட்காரும்.

சுண்ணாம்போடு துரு சேரும். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செம்பும் பித்தளையும் கலந்த காயில் ஆகியவை ஒரே தண்ணீரில் நனைந்தால் ஒன்றை ஒன்று அரிக்கும். கூலண்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து அதற்காகத்தான். பெங்களூரில் தண்ணீர் உறையப் போவதில்லை, அதனால் கூலண்ட் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் கூலண்டின் பாதி வேலையை மட்டுமே கேள்விப்பட்டவர்கள். நம் ஊருக்கு வேண்டியது அதன் மறுபாதி.

எங்கோ ஒரு ஹோஸ் கிளிப் கசிகிறது, வாரம் ஒரு சொம்பு ஊற்றிக்கொள்கிறோம் என்று விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே மோசம். ஒவ்வொரு சொம்பும் புதிதாகச் சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது. கசிவைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு ஒரு கிளிப்.

5. கழற்றப்பட்ட வால்வு

இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வழியில் ஒரு கதவு இருக்கிறது. அதுதான் தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு அடைத்த சிறு செம்புக் குப்பி. 1930களில் செர்ஜியஸ் வெர்னே அமைத்த வடிவம். இன்ஜின் குளிராக இருக்கும்போது கதவு மூடியிருக்கும், தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயும் ஹீட்டர் காயிலிலும் மட்டும் சுற்றிச் சீக்கிரம் சூடேறும். 82 டிகிரி வந்ததும் மெழுகு உருகிப் பெருகி, தண்டைத் தள்ளி, கதவைத் திறக்கும். சில வண்டிகளில் 88 டிகிரி. இந்தக் கதவு இல்லையென்றால் வண்டியைக் கிளப்பிய நொடியிலிருந்து தண்ணீர் முழு ரேடியேட்டரையும் சுற்றிவரும். ஸ்ரீராம்புரத்திலிருந்து மெஜஸ்டிக் போய்த் திரும்பும் தூரத்தில் இன்ஜின் சூடேறவே ஏறாது. நெடுஞ்சாலையில் குளிர்காற்று அடித்தால் இன்னும் குறையும். ஹீட்டரில் வெதுவெதுப்புக்கூட வராது.

என் வண்டியை வாங்கிய முதல் டிசம்பரில் பக்கத்துப் பட்டறையில் கேட்டேன். மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "வால்வ எடுத்து ரொம்ப நாளாச்சு சார். பனி பெய்யற ஊருக்குத்தான் அது. நம்ம ஊருக்கு எதுக்கு? எடுத்துட்டா வண்டி கூலா ஓடும்." அவர் கைராசிக்காரர், நேர்மையானவர். சொன்னதை முழுக்க நம்பித்தான் சொன்னார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருப்பார். அதனால் இந்தப் பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஓடும் வண்டியில் வால்வில் துருவும் சுண்ணாம்பும் படிந்து, ஒருநாள் மூடிய நிலையில் இறுகிவிடும். நடுச் சாலையில் தண்ணீர் கொதித்து, ஹெட் வளைந்து, வண்டிக்காரர் பல்லாயிரம் செலவழிப்பார். நாலு வண்டிக்கு அப்படி நடந்ததைப் பார்த்த மெக்கானிக் ஐந்தாவது வண்டியில் வால்வைக் கழற்றத்தான் செய்வார். குற்றவாளி தண்ணீர், தண்டனை வால்வுக்கு.

ஆனால் 'கூலாக ஓடுவது' நல்லது என்பது தவறு. இன்ஜின் குளிராகவே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் ஈரமாகப் படிந்து, எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலோடு கலக்கும். எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலிலேயே தங்கி, மூடியின் அடியில் மோர் நிறத்தில் கசண்டாக ஒட்டும். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இன்னொன்று: தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்சார் 'இன்ஜின் இன்னும் குளிர்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறைவதற்குக் கார்பரேட்டர், பிளக், டயர் என்று எதையெதையோ பார்க்கிறவர்கள் இந்தக் கதவைப் பார்ப்பதில்லை. சில இன்ஜின்களில் வால்வின் அடித்தட்டு பைபாஸ் வழியையும் மூடித் திறக்கும். அவற்றில் வால்வை எடுத்துவிட்டால் ஒரு பங்கு சுடுநீர் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி, போக்குவரத்து நெரிசலில் வண்டி முன்பைவிட அதிகம் சூடாகும். எதற்குப் பயந்து எடுத்தோமோ அதுவே நடக்கும்.

புது வால்வு வாங்க, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு போனேன். விலை சில நூறு ரூபாய்தான். போடுவதற்கு முன் வீட்டு அடுப்பில் சோதித்தேன், யாரும் செய்யலாம். குண்டானில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானி. வால்வின் விளிம்பில் 82 என்று குத்தியிருந்தது. தண்ணீர் 80-ஐத் தாண்டும் வரை ஒன்றுமில்லை. பிறகு தட்டின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அந்தக் கோடு மெல்ல அகன்று, 90-இல் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தெரிந்தது. 95-இல் முழுக்கத் திறந்தது, ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். பெங்களூர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் தளதளவென்று கொதிக்கும்போதும் மூடியிருக்கும் வால்வு செத்த வால்வு என்று இங்கே துணிந்து சொல்லலாம். ஊட்டியில் கொதிநிலை 93-ஐக்கூடத் தொடாது. அங்கே இதே சோதனையைச் செய்தால் நல்ல வால்வும் அரைகுறையாகத் திறந்த மாதிரிதான் தெரியும், ஏமாந்து தூக்கி எறிந்துவிடக் கூடாது.

6. நோய் நாடல்

ஒரு பாகத்தைக்கூட மாற்றும் முன் இதைச் செய்ய வேண்டும். விடிகாலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். சூட்டில் ஒருநாளும் திறக்கக் கூடாது. மூடியில் 0.9 என்று எழுதியிருந்தால், உள்ளே அந்த அழுத்தத்தில் 115 டிகிரி வரையிலும்கூடத் தண்ணீர் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது என்று பொருள். மூடி திறந்த கணத்தில் அது முகத்தில் அடிக்கும். மட்டம் குறைவென்றால் காரணம் பாதி கிடைத்துவிட்டது. காயில் உயரத்தில் இருப்பதால் முதலில் காற்று அடைவது அங்கேதான். வண்டி கிளம்பும்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று ஓடை ஓடுவது போலச் சத்தம் கேட்டால் அதுவே சாட்சி.

மட்டம் சரி என்றால், வண்டியைக் கிளப்பிவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். சில நிமிடம் சில்லென்று இருந்து, திடீரென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே நின்றுவிட்டது. ரேடியேட்டர் மின்விசிறி எப்போது வேண்டுமானாலும் சுழலும், கையையும் துப்பட்டாவையும் தள்ளியே வையுங்கள்.

இனி இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரில் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களைப் பாருங்கள். சில பழைய வண்டிகளில் அவை சுவரைத் தொடவே தொடாது. இரண்டையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்து முடிச்சுப் போட்ட மாதிரி விட்டிருப்பார்கள். எப்போதோ காயில் கசிந்திருக்கிறது, அவசரத்துக்கு வழியை மாற்றியிருக்கிறார்கள், அப்படியே மறந்துவிட்டார்கள். வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இணைப்பு ஒழுங்காக இருந்தால், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, குமிழை முழுச் சூட்டில் வைத்து, இரண்டு ஹோஸ்களையும் துணியோடு பிடித்துப் பாருங்கள். வைத்தியர் இரண்டு கையிலும் நாடி பார்ப்பது போலத்தான் இது. ஒன்று சுட்டு மற்றது சில்லிட்டால் காயில் அடைத்திருக்கிறது. இரண்டும் சில்லென்றால் ஹீட்டர் வால்வு திறக்கவில்லை, அல்லது காற்று அடைத்து ஓட்டமே இல்லை. இரண்டும் சுட்டும் உள்ளே குளிர்காற்று வந்தால் தண்ணீர்ப் பக்கம் குற்றமில்லை. காற்றுக் கதவின் கேபிள் கிளிப்பிலிருந்து நழுவியிருக்கும், அல்லது ப்ளோயர் கூட்டில் சருகும் தூசியும் அடைத்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடு, சிக்னலில் நின்றால் குளிர் என்றால் மட்டம் இன்னும் குறைவு, அல்லது வாட்டர் பம்பின் விசிறி அரித்துத் தேய்ந்துவிட்டது.

கால் மிதியடி ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு இனிப்பு வாடை வந்தால் காயில் ஓட்டை. அந்த வாடையை அலட்சியம் செய்யாதீர்கள்.

7. சரிசெய்தல்

அடைத்த காயிலுக்குப் புதுக் காயில் வாங்க ஓட வேண்டியதில்லை. இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் வாயில் தோட்டக் குழாயை வைத்து, மெதுவான அழுத்தத்தில் எதிர்த் திசையில் விடுங்கள். என் வண்டியில் முதலில் வந்தது டிகாக்‌ஷன் நிறம், பிறகு செங்கல் பொடி, பிறகு மீன் செதில் போல வெள்ளைச் சிம்புகள். தெளியும் வரை விட்டு, எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி அரைமணி ஊறவைத்து, மறுபடி கழுவ வேண்டும். பட்டறையில் 'ஆசிட் வாஷ்' என்று கடுமையான அமிலம் ஊற்றச் சம்மதிக்காதீர்கள், அது சுண்ணாம்போடு அலுமினியத்தையும் தின்னும். ஒரு எச்சரிக்கை: சில காயில்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தக் கசடுதான். கழுவியதும் சொட்டத் தொடங்கினால் அது கழுவியதால் வந்த ஓட்டையல்ல. அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய பாகச் சந்தையில், பழையது கிடைக்கும், ஆனால் இந்த ஒரு பாகத்தைப் பழையதாக வாங்க நான் சொல்ல மாட்டேன். டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் பெரிய செலவு, அதை இரண்டு முறை கொடுக்கக் கூடாது.

பிறகு புது வால்வு, புது கேஸ்கட். வால்வின் விளிம்பில் சின்ன ஊசித்துளை இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேற வைத்த வழி அது. கூலண்டைச் சுத்திகரித்த பேட்டரித் தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். மூன்றில் ஒன்று முதல் பாதிக்குப் பாதி வரை போதும், அதற்கு மேல் வேண்டாம். கூலண்ட் கூடக் கூடச் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். பாதிக்குப் பாதி கலவை வெறும் தண்ணீரைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் சுமக்கும். பச்சையையும் சிவப்பையும் கலக்கக் கூடாது.

காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழி குமிழியாக வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்விசிறி இரண்டு முறை சுழன்று நின்ற பிறகும் குமிழி நிற்கவில்லை என்றால், ஆயில் பால் நிறமாக இருந்தால், சைலன்சரில் வெண்புகை ஓயாமல் வந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அங்கே நிறுத்திக்கொண்டு தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

வடித்த பழைய கூலண்டைச் சந்துச் சாக்கடையில் விடாதீர்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும், குழந்தைக்கும் அதே கதிதான். மூடிபோட்ட கேனில் வைத்துப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

இந்த வேலை முடிந்த மறுவாரம் விடிகாலை நாலு மணிக்கு மைசூர்ச் சாலையில் போனோம். கெங்கேரி தாண்டும்போதே டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்து நின்றது, அந்த வண்டியில் அதை அங்கே நான் பார்த்ததே இல்லை. கால் பக்கம் சூடு வந்தது. அம்மா சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதே மெக்கானிக் அண்ணனிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். தொட்டுப் பார்த்தார், ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். "கூலண்ட் ஊத்தறவங்களுக்கு வால்வு வைக்கலாம் சார்" என்றார். அவர் சொன்னதுதான் சரியான வரிசை. உங்கள் வண்டி பழையதென்றால், அடுத்த முறை பட்டறையில் விடும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: உள்ளே ஓடுவது தண்ணீரா கூலண்டா, வால்வு இருக்கிறதா? தண்ணீர்தான், வால்வு இல்லை என்று பதில் வந்தால், முதலில் கழுவி கூலண்ட் ஊற்றச் சொல்லுங்கள், பிறகு வால்வைப் போடச் சொல்லுங்கள்.